மூன்றரைக் கிலோ எக்ஸ்ரே

தாணே என்றதும் பலருக்கு அதன் ஏரிகள் நினைவுக்கு வரும். எங்களைப் போன்ற ரயில்வே ஊழியர்களுக்கோ முதலில் நினைவுக்கு வருவது 1853-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ந் தேதி. அன்று பிற்பகல் பம்பாய் போரி பந்தரிலிருந்து, பதினான்கு பெட்டிகளில் நானூறு விருந்தினரை ஏற்றிக்கொண்டு, ஸாஹிப், ஸிந்து, சுல்தான் என்னும் மூன்று இஞ்சின்கள் இழுத்துவந்த வண்டி தாணேயை அடைந்தது. நம் செங்குன்றத்தில் 1837-லேயே சாலைக்கு வேண்டிய கல்லைச் சுமக்க ஒரு ரயில் பாதை இருந்தது என்று நம்மவர் பெருமையுடன் சொல்வதுண்டு. அது நியாயமான பெருமையே. ஆயினும் பொதுமக்கள் பயணத்துக்கென இந்நாட்டில் ஓடிய முதல் வண்டி தாணே வண்டிதான்.

அந்த 34 கிலோமீட்டர்ப் பாதையின் இக்கரையில் நான் குடியிருக்கிறேன். மத்திய ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா உத்தியோகம். மூட்டையை எடை பார்ப்பது, சீட்டு எழுதுவது, கட்டணம் வாங்குவது ஆகியவையே என் தொழில். நாளடைவில் எதைக் கண்டாலும் இது எத்தனை கிலோ இருக்கும் என்று மனம் தானாகவே கணக்கிடத் தொடங்கிவிட்டது. இந்தக் கட்டுரையும் அவ்வாறு ஒரு பொருளை எடை பார்க்கப்போய்ப் பிறந்ததேயாகும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, தாராவியிலிருந்து மதினி தொலைபேசியில் அழைத்தார்கள். மதினி என்றால் என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் குடும்பம் தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, விடியுமுன் இட்லியையும் சட்டினியையும் பாத்திரத்தில் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று விற்கவேண்டும். மும்பை நகரத்தில் காலை நேரத்தில் மணியடித்துக்கொண்டு வரும் இட்லிக்காரர்களில் மிகப் பலர் தாராவித் தமிழர்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

"தம்பி, ஒங்க அண்ணனுக்கு ஒன்றரை மாசமா இருமல் நிக்கலை. அடுப்புப் புகைங்கறாக. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் யாவாரம் போயிருமாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாக," என்றார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு இருபது ஆண்டுகளுக்கு முந்திய எங்கள் வீடு கண்முன் வந்தது. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, ரயில் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்தவர். அவருக்கும் இப்படித்தான் இருமல் தொடங்கிற்று. ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனால் உடல் தகுதியில்லை என்று எழுதி வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்துக்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆயினும் அச்சம் அச்சமே. தெருமுனை மருத்துவர் ஒருவரிடம் நான்கு மாதங்கள் இருமல் மருந்து வாங்கிக் குடித்தார். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு நுரையீரலும் காசநோயால் அரிக்கப்பட்டிருந்தன. 2005-ல் அவர் காலமானார். அப்போது எனக்குப் பதினாறு வயது. அந்த ஆண்டு நான் மெட்ரிகுலேஷன் தேறினேன். பின்னர் கருணை அடிப்படையில் இந்த உத்தியோகம் கிடைத்தது. என் மேசை, என் நாற்காலி, என் சம்பளம் யாவும் அவர் தாமதமாக எடுத்துக்கொண்ட ஒரு படத்தின் விலை என்று நான் நினைப்பதுண்டு.

ஆகவே மதினியிடம், "இந்தப் புதன்கிழமை எனக்கு வார ஓய்வு, நான் வருகிறேன்," என்றேன். நல்ல வேளையாக, அதே புதன்கிழமை அவர்கள் சந்துக்கு அருகில் காசநோய் பரிசோதனை முகாம் ஒன்று நடக்கவிருப்பதாகவும், எக்ஸ்ரே இயந்திரத்தையே தெருவுக்குக் கொண்டுவரப் போவதாகவும் அவர்கள் சொன்னார்கள். எக்ஸ்ரே இயந்திரம் தெருவுக்கு வருமா என்று நான் நம்பவில்லை. நான் பார்த்த எக்ஸ்ரே இயந்திரங்கள் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்பவை. பார்சலில் அனுப்புவதென்றால் ஒரு வேகன் வேண்டும்.

புதன்கிழமை காலை தாணேயில் ஸ்லோ வண்டி ஏறினேன். முலுந்து, நாஹூர், பாண்டுப், காஞ்சூர்மார்க், விக்ரோலி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா, பிறகு சயான். இந்தப் பெயர்களை என் மகள் பள்ளிப் பாடம்போல ஒப்பிப்பாள். 1853-ல் அந்த நானூறு விருந்தினர் சென்ற வழியும் ஏறத்தாழ இதுவே. அன்று வயலும் சதுப்பு நிலமுமாக இருந்த இடமெல்லாம் இன்று அடுக்குமாடிகள். வண்டியில் நிற்க இடம் கிடைத்தது, அதுவே பாக்கியம். என் எதிரில் நின்ற ஒருவர் இருமினார். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். திருப்பிக்கொள்ள மட்டுமே இடம் இருந்தது. விலகி நிற்க இடமில்லை. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது என்பதை எண்ணினால், மும்பைவாசிகள் அனைவரும் ஒரே வீட்டில் வசிப்பவர்கள் என்றே சொல்லவேண்டும்.

சயானில் இறங்கித் தாராவிக்கு நடந்தேன். தொண்ணூறடிச் சாலையில் திரும்பியதும் தமிழ்ப் பலகைகள் கண்ணில் படும். மளிகைக் கடை, நகைக் கடை, ஊர்ப் பேருந்து முன்பதிவு, முறுக்குக் கடை எல்லாம் நம் மொழியில். முதலில் கோளி மீனவர்களின் கிராமமாக இருந்த தாராவியில், பின்னர் நம்மவர் வந்து தோல் பதனிட்டனர்; குஜராத்திலிருந்து வந்த குயவர் கும்பார்வாடாவில் சக்கரம் சுழற்றினர். சுமார் இரண்டு, இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் பல லட்சம் மக்கள் வாழ்கின்றனர்.

இந்த நெருக்கத்தைப் பார்க்கும்போது 2020-ம் ஆண்டு நினைவுக்கு வராமற் போகாது. அவ்வாண்டு ஏப்ரல் 1-ந் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இனித் தாராவி தப்பாது என்றே பலரும் கூறினர். மாநகராட்சி ஊழியர்களும், அப்பகுதியிலேயே தொழில் செய்த தனியார் மருத்துவர்களும், தொண்டர்களும் நோயாளி வரட்டும் என்று காத்திராமல் வீடு வீடாகச் சென்றனர். அவர்கள் கையில் இருந்தவை பெரிய இயந்திரங்கள் அல்ல. நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி ஒன்று. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று. சந்தேகப்பட்டவர்களைத் தனியே பிரித்து, பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கவைத்தனர். அதே ஆண்டு ஜூலை 10-ந் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், கட்டுக்கடங்காத நோயையும் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு இத்தாலி, ஸ்பெயின், தென் கொரியா ஆகிய நாடுகளோடு நம் தாராவியையும் சேர்த்துக் குறிப்பிட்டார்.

அந்த விரல் கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பலர் அறியார். அதனுள் இரண்டு ஒளிகள் உள்ளன: ஒன்று சிவப்பு, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பிராணவாயு நிறைந்த இரத்தம் அகச்சிவப்பை மிகுதியாக விழுங்கும். பிராணவாயு குறைந்த இரத்தம் சிவப்பை மிகுதியாக விழுங்கும். இரண்டும் எவ்வளவு விழுங்கப்பட்டன என்பதை, நாடி துடிக்கும் ஒவ்வொரு தடவையும் அளந்து, இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை நூற்றுக்கு இத்தனை என்று காட்டுகிறது. ஊசி குத்தவேண்டியதில்லை. இதன் தத்துவத்தை 1974-ல் கண்டவர் டாகுவோ அயோயாகி என்னும் ஜப்பானிய எஞ்சினீயர். உலகம் முழுவதும் அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரல் மாதத்திலேயே அவர் காலமானார்.

அதில் ஒரு குறையும் உண்டு. நம்மவர் அவசியம் அறியவேண்டியது. கருமையான தோலில் அந்தக் கருவி சில வேளைகளில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், கருவி நல்ல எண்ணைக் காட்டியும் உண்மையில் பிராணவாயு குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. ஆகவே எண் நன்றாயிருந்தும் மூச்சு வாங்கினால், எண்ணை நம்பாமல் மூச்சை நம்பி மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அண்ணன் வீட்டை அடைந்தபோது மணி பத்து. வியாபாரம் முடிந்து வந்து படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். சட்டைக் கழுத்தில் எலும்பு துருத்தி நின்றது. தீபாவளிக்குப் பார்த்ததைவிட ஐந்து கிலோவாவது குறைந்திருப்பார் என்று என் கண் கணக்கிட்டது.

"ஒண்ணுமில்ல தம்பி, புகைதான். ஆடி மாசம் ஊர்ல அம்மன் கொடை வருது. ஊர்க்காத்து பட்டாச் சரியாயிரும்," என்றார்.

எனக்கு நீண்ட பேச்சு வராது. "அப்பாவும் புகைன்னுதான் சொன்னாங்க, அண்ணே," என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். என் தந்தையாரின் உடலைச் சுமந்த நால்வரில் அவரும் ஒருவர்.

முகாம் ஒரு சிறு மண்டபத்தில் நடந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். வாயிலில் நம் பகுதிப் பெண் ஒருத்தி தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் மாறி மாறிக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இருமல் எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, உடல் மெலிந்ததா, இரவில் வியர்க்கிறதா, வீட்டில் யாருக்கேனும் முன்பு காசநோய் இருந்ததா என்பவை கேள்விகள். பிறகு எடை பார்த்தார்கள். அண்ணன் 46 கிலோ. என் கண் கணக்குத் தவறவில்லை.

உள்ளே நுழைந்ததும் நான் தேடியது எக்ஸ்ரே இயந்திரத்தை. அது எங்கும் காணப்படவில்லை. ஓர் இளைஞர், கலியாண வீட்டுப் புகைப்படக்காரர் வைத்திருப்பதைப் போன்ற ஒரு பெட்டியை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் ஒரு மெல்லிய பலகை மாட்டியிருந்தது. மேசையில் ஒரு மடிக்கணினி. அவ்வளவே. "எக்ஸ்ரே எங்கே?" என்று கேட்டேன். "இதுதான் ஸார்," என்று புகைப்படப் பெட்டியைக் காட்டினார்.

அதன் எடையைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. சுமார் மூன்றரைக் கிலோ என்றார். கட்டணம் போட்டால் ஒரு கூடை மாம்பழத்துக்கும் குறைவு! உள்ளே பேட்டரி இருக்கிறது. ஒரு முறை மின்னூட்டினால் பலருக்குப் படம் எடுக்கலாம். மின்சாரம் இல்லாத மலைக் கிராமத்துக்கும் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம் என்று விளக்கினார். தாம் மட்டும் காப்பு அங்கி அணிந்து, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, மார்பைப் பலகையில் பதித்து நிற்கவைத்து ஒரு விசையை அழுத்தினார். கண் மூடித் திறப்பதற்குள் மடிக்கணினியில் அண்ணனின் நெஞ்சு தெரிந்தது.

அடுத்து நடந்தது இன்னும் வியப்பு. அந்தப் படத்தை மருத்துவர் பார்க்குமுன் கணினியே படித்தது. வலப்புற நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு நிழலைச் சுற்றி வண்ணம் பூசி, "சந்தேகத்துக்குரியது" என்று குறித்தது. இவ்வாறு படம் படிக்கும் கணினி முறைகளை, பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடையே காசநோயைச் சலித்தெடுக்கப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. இத்தகைய முறைகளை உருவாக்குவோரில் ஒன்றாகிய க்யூர் ஏஐ என்னும் நிறுவனம் 2016-ல் நம் மும்பையிலேயே தொடங்கப்பட்டது. ரேடியாலஜிஸ்டு கிடைக்காத ஊர்களே நம் நாட்டில் அதிகம் என்பதால், இதன் பயனை எளிதில் ஊகிக்கலாம். 2024 டிசம்பர் 7-ந் தேதி மத்திய அரசு 347 மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் இந்தக் கையடக்க எக்ஸ்ரேக்கள் ஊர் ஊராகச் சென்றன.

ஆனால் நிழல் நோயாகாது. பழைய தழும்பும் நிழலாகத் தெரியும். வேறு நோய்களும் தெரியும். நோயை உறுதி செய்யச் சளியில் கிருமியைக் காணவேண்டும். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்தது 1882 மார்ச் 24-ந் தேதி. அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாகச் சளியைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பதே வழக்கம். கிருமி குறைவாக இருந்தால் அதில் தெரியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கலாமென்றால் அது மெதுவாக வளரும். வாரக் கணக்கில் காத்திருக்கவேண்டும். அதற்குள் நோயாளி ஊருக்கே போய்விடுவார்.

இந்தத் தொல்லைக்கும் நம் நாட்டவர் ஒரு வழி கண்டிருக்கின்றனர். பெங்களூரின் பிக்டெக் ஆய்வுக்கூடமும் கோவாவின் மோல்பயோ நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ட்ரூநாட் என்னும் கருவியே அது. சளியிலிருந்து கிருமியின் மரபணுவைப் பிரித்து, தபால் தலையை ஒத்த ஒரு சிறு சில்லில் இட்டு, அதைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிக்கிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு. கிருமி இருந்தால், ரிபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதை இன்னொரு சில்லு மேலும் ஒரு மணி நேரத்தில் சொல்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய் மிகுந்த மும்பையில் இது உயிர் காக்கும் செய்தி. இக்கருவி பேட்டரியில் ஓடும். குளிர்சாதன அறை கேட்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையில் வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் இதை ஏற்றுப் பரிந்துரைத்தது. காசநோய்க்கெனச் செய்த இதே கருவி அவ்வாண்டு கொரோனாச் சோதனைக்கும் நாடெங்கும் பயன்பட்டது.

அண்ணன் சளி கொடுத்தார். மறுநாள் மாலை முடிவு வந்தது. காசநோய்தான், ஆனால் மருந்துக்குக் கட்டுப்படும் வகை. மதினி அழுதார்கள். எனக்கோ, சொன்னால் தவறாக நினைக்கவேண்டாம், நிம்மதியாக இருந்தது. என் தந்தையாருக்கு நான்கு மாதங்களில் தெரியாத செய்தி, என் அண்ணனுக்கு இரண்டே நாட்களில் தெரிந்துவிட்டது.

தாணேக்குத் திரும்பும் வண்டியில் இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். மருத்துவம் நோயாளியைத் தேடிச் செல்வது புதிதன்று. 1816-ல் லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் காதால் கேட்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு. அதைவிட எளிதான கருவி உண்டோ? அந்த மருத்துவரும் பத்தாண்டுகளில் காசநோய்க்கே இரையானார். நம் ரயில்வேயும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1991 ஜூலை 16-ந் தேதி, மும்பையிலுள்ள இம்பாக்ட் இந்தியா அறக்கட்டளையும் ரயில்வேயும் சேர்ந்து ஓட்டத் தொடங்கிய ஜீவன் ரேகா என்னும் ஆஸ்பத்திரி ரயில், அறுவை சிகிச்சைக் கூடத்தையே தண்டவாளத்தில் ஏற்றி, ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களுக்குக் கொண்டு சென்றது. தண்டவாளம் போகாத சந்துகளுக்கு இப்போது மூன்றரைக் கிலோப் பெட்டி போகிறது.

இன்னும் எளிய கருவி ஒன்றைப் பற்றிப் படித்தேன். சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு துளையிட்டு, நூல் கோத்து, இரு கைகளாலும் இழுத்து விர்ரென்று சுழலவிடும் விளையாட்டை நாம் எல்லோரும் ஆடியிருக்கிறோம். மீரட்டில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் மனு பிரகாஷ் என்பவரும் அவருடைய குழுவினரும், அதே தத்துவத்தில் காகிதத்தால் ஓர் இரத்தச் சுழற்றியைச் செய்து 2017-ல் வெளியிட்டனர். எடை இரண்டு கிராம். செலவு இருபது அமெரிக்க காசு. மின்சாரமின்றி நிமிடத்துக்கு ஒன்றேகால் லட்சம் சுற்றுச் சுழன்று, ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்திலிருந்து அதன் நீரைப் பிரிக்கிறது. சிறுவர் விளையாட்டிலும் ஆய்வுக்கூடம் ஒளிந்திருக்கிறது.

எனினும் கருவி மட்டும் வந்தால் போதாது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பார்சல் ஆபீஸிலேயே, புதிதாக வந்த மின் தராசு பழுதானால் மூலையில் கிடப்பதையும், பழைய இரும்புத் தராசு மீண்டும் வேலைக்கு வருவதையும் கண்டிருக்கிறேன். பேட்டரி தீர்ந்தால் மாற்றுப் பேட்டரி வேண்டும். சில்லு தீர்ந்தால் சில்லு வரவேண்டும். பழுது பார்க்க ஆள் வேண்டும். பயன்படுத்திய சில்லையும் சளிப் புட்டியையும் பாதுகாப்பாக அழிக்க வழி வேண்டும். இவை இல்லையேல் எந்தக் கருவியும் ஓராண்டில் அலமாரிப் பொருளாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் என்று சொன்ன பிறகு மருந்தும் ஆதரவும் வேண்டும். நோயைச் சொல்லிவிட்டு மருந்து கொடாதிருப்பது, வண்டி வருகிறது என்று மணியடித்துவிட்டுக் கதவைத் திறவாமலிருப்பதற்கு ஒப்பாகும்.

இதில் நம் தமிழ்நாடு உலகுக்கு இரு முறை வழிகாட்டியிருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக் கணக்கில் அடைத்துவைக்கவேண்டும் என்பதே அக்காலக் கொள்கை. நெருக்கமான வீடுகளில், எளிய உணவுடன் வாழ்ந்த சென்னை ஏழைகள் வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டு, சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமடைந்ததை 1959-ல் அந்நிலையம் மெய்ப்பித்தது. வீட்டிலிருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அதுவும் ஒரு காரணமாயிற்று.

இரண்டாவது 2022-ல் நடந்தது. அவ்வாண்டு தமிழ்நாடு அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கிற்று. நோய் கண்டவுடன் ஒவ்வொரு நோயாளியிடமும் ஐந்து செய்திகளைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் பிராணவாயு, பிடிப்பின்றி நிற்க இயலுமா என்பது. இதற்கு வேண்டிய கருவிகள் தராசு, அளவுகோல், கைக்கடிகாரம், விரல் ஆக்சிமீட்டர், இவ்வளவே. ஆபத்தான நிலையில் உள்ளவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். விலையுயர்ந்த இயந்திரம் அல்ல, சரியான வேளையில் சரியான கேள்வியே பல உயிர்களைக் காக்கிறது என்பது இத்திட்டத்தின் பாடம்.

அண்ணனின் கதைக்குத் திரும்புகிறேன். மருந்து தொடங்கி இரண்டு வாரங்களில் இருமல் தணிந்தது. உடனே அவர், "கொடைக்கு ஊருக்குப் போய்விட்டு வருகிறேன்," என்றார். இதுவே நம்மவரிடம் உள்ள பெரிய ஆபத்து. ஊருக்குப் போனால் இங்கே மருந்து நின்றுவிடும். பாதியில் நிறுத்திய மருந்து, கிருமியை மருந்துக்கு அடங்காததாக ஆக்கிவிடும். ஆறு மாத நோய் அப்போது ஆண்டுக் கணக்கில் இழுக்கும். மையத்தில் விசாரித்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் நிக்ஷய் என்னும் அரசுப் பதிவேட்டில் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. அந்த எண் நாடு முழுவதும் செல்லும். பயணத்துக்கு முன்பே சொன்னால் ஊருக்கருகே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றி எழுதித் தருகிறார்கள். அங்கேயே மருந்து பெறலாம். ரயில்வே பாஷையில் சொல்வதானால், இது எந்த நிலையத்திலும் செல்லும் தொடர் பயணச் சீட்டு. அண்ணன் அந்த எண்ணுடன் ஊருக்குப் போனார். ஒரு நாளும் மருந்து தவறாமல் கொடை பார்த்துத் திரும்பினார்.

மருந்து இலவசம். உணவுக்கென 2018 முதல் மாதம் ரூ. 500 நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது ரூ. 1,000 ஆக உயர்த்தப்பட்டது. மதினிக்கும் ஒன்பது வயது மகளுக்கும் சோதனை செய்தார்கள். சிறுமிக்குக் கணினியின் தீர்ப்பு செல்லாது என்று மருத்துவரே நேரில் பார்த்தார். இருவருக்கும் நோயில்லை, வராமல் தடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். முதல் சில வாரங்கள் மதினியின் தம்பி இட்லிப் பாத்திரத்தைச் சுமந்தார். வியாபாரம் அறவே நிற்கவில்லை. ஆறு மாதம் முடிந்து கடைசிச் சோதனையிலும் கிருமி இல்லை என்று வந்தது. அன்று எடை 51 கிலோ.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசிக்கும் நம்மவரில் வசதியுள்ளோர் தொலைபேசியில் சொன்னால், லேப் ஆள் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்கிறார். தாராவிச் சந்துக்கும் தாணேயின் சாலுக்கும் அப்படி ஒருவர் வருவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அது புகையன்று, வெயிலன்று. சளிச் சோதனை செய்யவேண்டிய அறிகுறி. 1800-11-6666 என்ற கட்டணமில்லாத எண்ணில் விவரம் கேட்கலாம். நோய் என்று தெரிந்தால் மறைக்கவேண்டியதில்லை. பெண் பார்க்க வருவோர் அறிந்துவிடுவர், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்ற அச்சத்தில் எத்தனை குடும்பங்கள் இருமலைத் தலையணைக்குள் அடக்குகின்றன என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அப்படி அடக்கிய வீடுதான்.

பொங்கல் விழாவுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் நாம் மண்டபம் எடுக்கிறோம், நல்லதே. ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தை இத்தகைய முகாமுக்கு ஒதுக்கினால் என்ன? மாநகராட்சியின் காசநோய்ப் பிரிவினருக்கு எழுதிக் கேட்கலாம். சங்கம் வேண்டியதெல்லாம் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடமும், தமிழில் பேசி வரிசையை நடத்த நான்கு இளைஞர்களும்தான். எக்ஸ்ரே பெட்டியைத் தாணே நிலையத்திலிருந்து மண்டபம் வரை சுமந்துவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். மூன்றரைக் கிலோதானே, கட்டணம் எதுவும் வேண்டியதில்லை.